கேட்காமல் ஓர் ஆணி

ராசமலரக்காவின் புருஷனுடைய படத்தைச் சுவரோடு வைத்துப் பிடித்தால் மேல் இரண்டு மூலைகளும் சுவரைத் தொடும். கீழே வலப்பக்க மூலை மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை அமத்தினால் மேலே இடப்பக்கம் எழும்பும். இரண்டையும் சேர்த்து அமத்தினால் கண்ணாடி ஒரு சத்தம் போடும். அக்கா உடனே பயந்து கையை எடுத்துவிடுவார்.

“இந்தாள் செத்தும் எனக்கு அடங்குறார் இல்லை, பிள்ளை” என்றார் என்னிடம்.

பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் சிரிப்பு வரவில்லை. அவருடைய முகம் களைத்துப்போய்ப் பல காலம். சிரிக்க வேண்டிய இடத்திலும் அழ வேண்டிய இடத்திலும் அவருக்கு முதலில் வருவது களைப்புத்தான்.

நான் கோப்பாயில் அவருக்கு வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள். சட்டை தைத்துப் பிழைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை நான் ஒருநாளும் கெடுத்துக்கொண்டதில்லை. அக்காவோ ஒருவரிடமும் ஒரு சொல் உரத்துக் கதைக்க மாட்டார். அவருடைய கோபத்தையும் சேர்த்து நான்தான் படுகிறேன் என்று என் மனுசன் சொல்லுவார். ஒருத்தி இப்படி வாயில்லாமல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரிக்கு வேலை கூடத்தான் செய்யும்.

அக்கா இருந்த வீடு அவருடையது அல்ல. கனடாவில் இருக்கிற ஒரு குடும்பத்தின் வீடு. பூட்டிக் கிடந்தால் பாழாகிவிடும் என்று பின்பக்கத்து இரண்டு அறைகளை அக்காவுக்கும் மகள் தனுசியாவுக்கும் விட்டிருந்தார்கள். வாடகை இல்லை. அதற்குப் பதிலாக முற்றம் கூட்ட வேண்டும், தென்னைகளுக்குத் தண்ணீர் விட வேண்டும், சாமியறையில் விளக்கு வைக்க வேண்டும். அவர்கள் வீடியோவில் அழைக்கும்போதெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்து காட்டவும் வேண்டும். அந்த மூலையைக் காட்டுங்கோ, இந்த மூலையைக் காட்டுங்கோ என்பார்கள். விடியப் போய் நீர்வேலியில் வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்துவிட்டு வந்த மனுசி, போனும் கையுமாக மூலை மூலையாக நடப்பதைக் காண எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வீட்டில் அக்காவின் புருஷன் கந்தவனம் அண்ணையின் படம் ஒரு கதிரையில் இருந்தது. ஓம், கதிரையில்தான். முதுகில் சாய்த்து, கீழே வழுக்காமல் ஒரு துணியைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, முன்னால் ஒரு செவ்வரத்தம் பூ வைத்திருப்பார். அதற்கு முந்தி இருந்த வீட்டில் தகரப் பெட்டிக்கு மேலே. அதற்கும் முந்திய வீட்டில் குசினி யன்னலோரம். அந்த யன்னலால் மழைத் தூவானம் அடித்துத்தான் படம் பழுதாகத் தொடங்கியது. ஒரு வீட்டிலும் அது சுவரில் தொங்கியதில்லை.

மயிலிட்டியில், கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, அக்காவுக்குத் தாய் சீதனமாக எழுதிக்கொடுத்த வீடும் தோட்டக் காணியும் இருந்தன. கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த கந்தவனம் அண்ணைக்கு ஒரு பழக்கம். வெறும் சுவரைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. சேட்டுக்கு ஒரு ஆணி, குடைக்கு ஒரு ஆணி, அரிக்கன் லாம்புக்கு, கலண்டருக்கு, சவரக் கண்ணாடிக்கு என்று அடித்துக்கொண்டே போவாராம். ஒன்றுக்கும் இல்லாமலும் அடிப்பாராம், பிறகு தேவைப்படும் என்று. “வீடு முள்ளம்பண்டி மாதிரி இருந்தது, பிள்ளை” என்பார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் முகத்திலிருந்து களைப்புக் கொஞ்சம் விலகும்.

அக்காவின் தாய்க்கு அது துண்டாகப் பிடிக்கவில்லை. சுவர் பாழாகிறது என்று குசினிக்குள் மகளிடம் முணுமுணுப்பாராம். மருமகனிடம் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வீட்டை எழுதிக் கொடுத்தாயிற்று, இனி அவருக்கு அதில் என்ன கதை?

பிறகு சண்டை வந்து ஊரோடு வெளிக்கிட்டார்கள். காணி இராணுவத்திடம் போனது. இடம்பெயர்ந்து வந்து முதலில் இருந்த வாடகை வீட்டில், அண்ணை பழக்கதோஷத்தில் கலண்டருக்கு ஒரு ஆணி அடித்துவிட்டார். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வந்தார். அந்த மனிதர் கத்தவும் இல்லை, ஏசவும் இல்லை. ஆணியை விரலால் தொட்டுப் பார்த்தார். “ஆரைக் கேட்டு அடிச்சனீர்?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணை அதைப் பிடுங்கினார். வெள்ளைச் சவர்க்காரத் துண்டால் ஓட்டையைத் தேய்த்து அடைத்தார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் ஆணி அடிக்கவில்லை. எத்தனை வீடு மாறினார்கள் என்று கேட்டால் அக்காவுக்கே தடுமாறும். நல்ல வீட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள், கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். அண்ணைதான் கேட்க மாட்டார். “கேட்டு அடிக்கிற ஆணி எனக்கு வேண்டாம். எங்கடை வீட்டுக்குப் போய்க் கேக்காமல் அடிப்பம்” என்பாராம். சேட்டைக் கொடியில் போட்டுக்கொண்டார், குடையைக் கதவு மூலையில் சாத்திக்கொண்டார். இப்படியே மனுசன் கிழவனானார்.

எங்கடை வீடு என்று சொன்ன இடத்துக்குப் போவதற்கு முன்பே அவர் போய்விட்டார். நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது உடம்புதான். முப்பத்தோராம் நாள் கிரியைக்காக, இருந்த ஒரே ஒரு சின்னப் படத்தைப் பெரிதாக்கி அவசரத்தில் சட்டம் போட்டார்கள். அதைக் கொழுவ ஒரு ஆணி அடிக்கட்டோ என்று ஒரு சொந்தக்காரப் பெடியன் கேட்டபோது அக்கா மறித்துவிட்டார்.

“இவரை நான் ஆக்களைக் கேட்டு அடிச்ச ஆணியிலை கொழுவ மாட்டன். என்ரை வீட்டுக்குப் போய், ஒருத்தரையும் கேக்காமல், நானே அடிச்சுக் கொழுவுவன்.”

அக்கா வாழ்க்கையில் உரத்துச் சொன்ன ஒரே வசனம் அதுதானாம். புருஷனுக்காக அவர் கோயிலும் கட்ட நினைக்கவில்லை, மடமும் கட்ட நினைக்கவில்லை. ஒரு ஆணி. அதற்காகத்தான் அந்தப் படம் வீட்டுக்கு வீடு சாய்ந்துகொண்டு திரிந்தது.

கடைசியில் இராணுவம் காணியை விட்டது. போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் பற்றை. கிணறு தூர்ந்து கிடந்தது. அவ்வளவு ஆணி அடித்த சுவர்களில் ஒரு கல்லும் மிச்சமில்லை. அக்கா அழுவார் என்று நினைத்துக்கொண்டு நான் கூடப் போயிருந்தேன். அவர் அழவில்லை. ஒரு மர நிழலில் குந்தியிருந்து, “இனி முதலிலையிருந்து துவங்கோணுமே, பிள்ளை” என்றார். அந்தக் குரலைக் கேட்க அழுதிருந்தாலும் பரவாயில்லை போல் இருந்தது.

வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தது. அது கட்டிய வீட்டைக் கையில் தருவதில்லை. நாமே கட்டக் கட்ட, கட்டம் கட்டமாக உதவி வரும். அத்திவாரம் போட்டால் ஒரு பகுதி, சுவர் எழும்பினால் ஒரு பகுதி. மேசன் வருகிறேன் என்ற நாளில் மேசன் வர மாட்டார். மேசன் வந்த நாளில் மணல் வராது. அக்கா வாழைத் தோட்டத்தையும் விடாமல், கனடாக்காரரின் முற்றத்தையும் விடாமல், பஸ் ஏறி மயிலிட்டிக்கும் கோப்பாய்க்குமாக அலைந்தார். சில நாள் பின்னேரம் வந்து என் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். என்னக்கா என்றால், “ஒண்டுமில்லை, மூச்சு வாங்கிப்போட்டுப் போறன்” என்பார்.

கூரை ஏறிய பிறகுதான் அவர் முதன்முதலாக அந்தப் படத்தைக் கதிரையிலிருந்து எடுத்துக் கோப்பாய் வீட்டுச் சுவரோடு பிடித்துப் பார்த்தார். மயிலிட்டி வீட்டில் எந்தச் சுவர் என்று அவர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார்: முன்வாசலால் உள்ளே வந்தவுடன் நேரே தெரிகிற சுவர். வாசலுக்கு வருகிறவனை வாங்கோ என்று கூப்பிடுகிற இடத்தில் அண்ணை நிற்க வேண்டும். அப்படிப் பிடித்துப் பார்த்தபோதுதான் சட்டம் முறுகிப்போனது தெரிந்தது. அத்தனை வருடம் சாய்ந்து நின்றதில் மரம் அந்தச் சாய்வையே பழகிவிட்டது.

இதை நான் சரிப்படுத்தித் தருகிறேன் என்று நின்றேன். படத்தைச் சீலை விரித்த தரையில் குப்புற வைத்து, மேலே ஒரு பலகை, பலகைக்கு மேல் அரிசி மூட்டை. விடியப் பார்த்தால் நேராக இருந்தது. எனக்கு ஒரே சந்தோசப் புழுகம். மத்தியான வெயில் ஏற, பழையபடி மூலை எழும்பிவிட்டது.

“அரிசி மூட்டைக்கெல்லாம் அடங்குற ஆளே அவர்?” என்றார் அக்கா.

பிறகு என் ஸ்கூட்டியில் அவரை ஏற்றிக்கொண்டு பட்டினத்துக்குப் போனேன். படத்தைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தார். படங்களுக்குச் சட்டம் போடுகிற கிறிஸ்ரோபர் அண்ணையின் கடை எனக்குத் தெரிந்த கடை. குருநகர் ஆள். அவர் படத்தை மேசையில் கிடத்தி ஒரு மூலையை விரலால் தட்டினார். எதிர் மூலை மேசையில் டொக், டொக் என்றது.

“உது கொழுவி வைச்ச படம் இல்லையே, அக்கா?”

“இல்லை.”

“கனகாலம் சாய்ச்சு வைச்சிருக்கிறியள். ஒரு ஆணியிலை கொழுவியிருந்தா உப்பிடி முறுகாது.”

“சுவர் இருக்கேல்லை, தம்பி.”

“சுவர் இல்லாத வீடும் இருக்கோ?” என்று அவர் சிரித்தார்.

எனக்கு நாக்குத் துடித்தது. “இவ மயிலிட்டி” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் போதும். மிச்சத்தை எல்லோரும் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள்.

படத்தைப் பின்பக்கம் திருப்பி, கடதாசியைக் கிழித்து உள்ளே பார்த்தவர் தலையை ஆட்டினார். ஈரம் பட்டுப் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்றார். அக்காவின் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தது. வேறு பிரதி இருக்கிறதா என்று கிறிஸ்ரோபர் அண்ணை கேட்டார். சின்னப் படம் எந்த வீட்டில் தொலைந்தது என்றே தெரியாது என்றார் அக்கா.

“அப்ப கண்ணாடிக்கு மேலாலை போட்டோ எடுத்து, கொம்பியூட்டரிலை துப்புரவாக்கிப் புதுசா அடிச்சுத் தரலாம். கோட், ரை எல்லாம் போட்டுத் தருவினம். அங்கை பாருங்கோ.”

சுவரில் மாதிரிக்கு நாலைந்து பேர் தொங்கினார்கள். எல்லோரும் செத்தவர்கள். எல்லோரும் ஒரே நீலக் கோட்டுப் போட்டு, ஒரே மேகத்துக்கு முன்னால் நின்றார்கள். அக்கா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“இவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நிண்டா, நானே ஆரெண்டு கேப்பன், தம்பி.”

கிறிஸ்ரோபர் அண்ணை யோசித்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும், கண்ணாடியையும் படத்தையும் ஒன்றாகத் தூக்கிப் புதுச் சட்டத்துக்குள் இறக்கலாம் என்றார். ஆனால் பழைய சட்டம் கண்ணாடியை முறுக்கிப் பிடித்திருக்கிறது, கழற்றும்போது வெடித்தாலும் வெடிக்கும், முகத்துக்குக் குறுக்கே கோடு விழும், அதற்குத் தான் பொறுப்பில்லை என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முகத்திலை கோடு விழுந்தாலும் காரியமில்லை. ஆள் நேரா நிக்கட்டும்” என்றார்.

கிறிஸ்ரோபர் அண்ணை நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சின்னக் குறடு ஒன்றை எடுத்தார். ஓரத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசி ஆணி வந்தபோது சட்டம் தானாக ஒரு துள்ளுத் துள்ளி விலகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் கண்ணாடி முழுசாக இருந்தது. பழைய சட்டம் வேண்டுமா என்று கேட்டார். “அடுப்புக்குப் போடுங்கோ” என்றார் அக்கா. அன்று வழி முழுக்க என் முதுகில் சாய்ந்து நித்திரை கொண்டு வந்தார். விழுந்துவிடுவாரோ என்று ஸ்கூட்டியை நடக்கிற வேகத்தில் ஓட்டினேன்.

புதுச் சட்டத்தோடு படம் வந்து சேர்ந்த நாட்களில் தனுசியாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை நீர்வேலி. கோகுலன் என்று பெயர், ஒரு கொம்பனியில் வேலை. நல்ல பெடியன், அவனில் குறை சொல்ல நானும் எவ்வளவோ தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. கதைத்துக்கொண்டு இருக்கும்போது மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டார், “வீடு வளவு பிள்ளைக்குத்தானே?”

“வேறை ஆருக்கு?” என்றார் அக்கா.

எங்கள் ஊர்களில் அதுதான் நடப்பு. வீடு பெண்பிள்ளைக்கு. தாய் தனக்குத் தந்ததை மகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதில் எனக்கும் ஒன்றும் இல்லை. என்னுடைய கோபம் நொத்தாரிசின் கந்தோரில் தொடங்கியது. காணி உறுதியை எழுதப்போன நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

“அம்மா, உங்கடை சீவிய உருத்தை வைச்சு எழுதட்டோ? வைச்சா, நீங்கள் இருக்கும் வரைக்கும் வீடு உங்கடை ஆளுகையிலை இருக்கும். பிறகுதான் பிள்ளைக்கு.”

நான் அக்காவின் விலாவில் முழங்கையால் இடித்தேன். அக்கா அசையவில்லை.

“வேண்டாம். பிள்ளைக்கு முழுசா எழுதுங்கோ.”

“யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா.”

“யோசிச்சிட்டன்.”

வெளியே வந்ததும் நான் வெடித்தேன். இத்தனை வருடம் ஊரான் வீட்டுச் சுவரைத் தொடாமல் இருந்தது இதற்கோ, ஒரு வரி எழுதுவதில் என்ன குறைந்துவிடும் என்று ரோட்டில் நின்றே கத்தினேன். போகிற வருகிற சனம் திரும்பிப் பார்த்தது. அக்கா என் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்.

“சீவிய உருத்து வைச்சா மாப்பிள்ளை பகுதி ஆக்கள் என்ன நினைப்பினம்? தாய்க்காரிக்கே மருமோனிலை நம்பிக்கை இல்லையெண்டு. பிள்ளை வாழப்போற இடத்திலை அந்தக் கதை ஏன்? என்ரை அம்மாவும் எனக்கு உப்பிடித்தான் எழுதித் தந்தவ.”

“அப்ப உங்கடை ஆணி?”

“ஆணி அடிக்க உறுதி வேணுமே, பிள்ளை? அது என்ரை கை. நான் அடிப்பன்.”

அவர் சொன்னவிதத்தில் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

பால் காய்ச்சிக் குடிபூர்ந்த அன்று படத்தைக் கொழுவிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். கொழுவவில்லை. கனடாக்காரர் வேறு ஆள் கிடைக்கும்வரை கொஞ்சம் பொறுங்கோ என்று கேட்டிருந்தார்கள். அக்காவுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. என் மனுசனை அங்கே தனிய விட்டுவிட்டு வரமாட்டேன், நான் போய் இருக்கிற அன்றைக்கே அவரும் வரட்டும் என்றார். கலியாணம் முடிந்து பிள்ளைகள் இருவரும் புது வீட்டில் போய் இருந்தார்கள். அக்கா கோப்பாயில் கனடாக்காரரின் முற்றத்தைக் கூட்டிக்கொண்டு இருந்தார். புதுச் சட்டம் போட்ட படம் அவருடைய கட்டிலில், பக்கத்தில், மல்லாக்கக் கிடந்தது. இனிச் சாய்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஒருவழியாக வேறு ஆள் வந்தது. ஒரு கட்டிலும் சட்டி பானையும் சாக்குகளும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் ஏறின. அக்கா படத்தோடு என் ஸ்கூட்டியில் ஏறினார். போகிற வழியில் கடையில் நிற்பாட்டச் சொல்லி, கொங்கிறீட் ஆணி ஒன்றும் சின்னச் சுத்தியல் ஒன்றும் வாங்கினார். ஒரு ஆணி போதுமோ, வளைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். “வளையாமல் அடிப்பன்” என்றார். அன்று அவர் முகத்தைப் பார்க்க நல்லாக இருந்தது. ஸ்கூட்டிக் கண்ணாடியில் நான் இரண்டு மூன்று தரம் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கோகுலன் படலைக்கே ஓடி வந்தான். “வாங்கோ மாமி, வாங்கோ” என்று சாக்குகளைத் தூக்கினான். உங்கடை அறை இதுதான் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். காற்றாடி பூட்டி, யன்னலுக்குச் சீலை போட்டு, கட்டிலுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தான். தனுசியா தேத்தண்ணி கொண்டுவந்து, “அம்மா, கதிரையிலை இருங்கோ” என்றாள். அக்கா கதிரையின் நுனியில் இருந்தார். வந்த ஆட்கள் இருப்பதுபோல.

சுவர்களைப் பார்த்தேன். ரீவி ஒரு சுவரில் பூட்டியிருந்தது. கலியாணப் படம் பெரிசாக ஒன்று, மணிக்கூடு ஒன்று, கதவுத் திறப்புகள் கொழுவ ஒரு பலகை, குடைக்கு ஒரு கொளுக்கி. அக்காவும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பியும் ஆணி அடிக்கிற ஆள்தான்” என்றார் மெதுவாக என்னிடம். அவருக்கு அது பிடித்திருந்தது.

வாசலுக்கு நேரே இருந்த சுவர் மட்டும் வெறுமையாக இருந்தது. தாய் நினைத்த இடம் என்று தனுசியா விட்டு வைத்திருந்தாள். அக்கா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். எழும்பிப் போய்ப் பையிலிருந்து ஆணியையும் சுத்தியலையும் எடுத்தார். கையால் சுவரை ஒரு தரம் தடவினார். ஒரு சாண் அங்கே, ஒரு சாண் இங்கே என்று அளந்து இடம் பார்த்தார். ஆணியை இடது கையால் நாட்டிப் பிடித்துக்கொண்டு சுத்தியலை ஓங்கினார்.

அந்த நேரம் பார்த்துக் கோகுலன் அறையிலிருந்து வெளியே வந்தான். வந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா வந்தான்.

ஓங்கிய கை இறங்கியது. அக்கா திரும்பினார்.

“தம்பி, இதிலை ஒரு ஆணி அடிக்கட்டோ?”

மூன்று அடி தள்ளி நின்றும் அந்த வாயைப் பொத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

“ஐயோ மாமி, உதுக்கெல்லாம் என்னைக் கேக்கோணுமே?” என்று கோகுலன் பதறிப்போனான். “உங்கடை வீடுதானே. அடியுங்கோ. இல்லை, தாங்கோ இஞ்சை, கை நோகும். நான் அடிச்சுத் தாறன்.”

அவன் கையை நீட்டினான். அக்கா சுத்தியலைக் கொடுத்தார். ஆணியையும் கொடுத்தார். அவன் நாலு அடியில் அடித்து முடித்துவிட்டான். நல்ல அடி, பூச்சில் ஒரு வெடிப்பு விழவில்லை. படத்தை எடுத்துத் துடைத்துக் கொழுவினான். நாலு மூலையும் சுவரோடு ஒட்டி நின்றன. கந்தவனம் அண்ணை வாசலைப் பார்த்துக்கொண்டு நேராக நின்றார். தனுசியா மல்லிகைச் சரம் போட்டாள். கோகுலன் தான் பாராத மாமனாரைக் கைகூப்பிக் கும்பிட்டான். பிறகு இருவரும் லான்ட்மாஸ்ரர்காரனுக்குச் சாப்பாடு போட உள்ளே போனார்கள்.

அக்கா தூர் எடுத்துத் திருத்திய கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கால் முகம் கழுவிவிட்டுத் துலாக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

“ஏனக்கா கேட்டனீங்கள்?”

“தெரியேல்லை பிள்ளை. வாய் கேட்டுப்போட்டுது.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வீட்டுக்குள்ளிருந்து இரண்டு பிள்ளைகளும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“அந்தப் பிள்ளை ‘வேண்டாம் மாமி, சுவர் பழுதாப்போம்’ எண்டு சொல்லியிருந்தாலும், ‘என்ரை வீடு, நான் அடிப்பன்’ எண்டு சொல்லி அடிச்சிருப்பன்” என்றார். “அது ‘அடியுங்கோ’ எண்டு சொல்லிப்போட்டுது.”